பழைய மோட்டார் சைக்கிள் வாங்கப் போகிறீர்களா?



தோட்டப் பள்ளி ஆசிரியனுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பது மட்டும் வேலையல்ல. மலாய்க் கடிதம் வந்தால் படித்துச் சொல்ல வேண்டும். பாரம் நிரப்பிக் கொடுக்க வேண்டும். யாராவது பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினால் அதன் கெரானையும் பார்த்துக் கொடுக்க வேண்டும். இப்படிப் பார்த்துப் பார்த்தே இந்த விஷயத்தில் எனக்குச் சில தீர்மானமான கருத்துகள் உண்டாகிவிட்டன.

நம்மவர்கள் வண்டி பார்க்கப் போனால் முதலில் சாயத்தைப் பார்க்கிறார்கள். பிறகு காதைச் சாய்த்து இஞ்சின் சத்தத்தைக் கேட்கிறார்கள். சத்தம் நன்றாக இருந்தால் பேரம் முடிந்தது! இஞ்சின் கெட்டால் வண்டி பாதி வழியில் நிற்கும், தள்ளிக்கொண்டு வந்துவிடலாம். பிரேக்கும் டயரும் கெட்டால் தள்ளிக்கொண்டு வர ஆள் வேண்டுமே! நம் நாட்டில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் போனவர்கள்தாம். அந்த வண்டியில்தான் நாம் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஏற்றிப் போகிறோம்.

என்னிடம் படிக்கும் மாணவி ஒருத்தியின் தகப்பனார் சென்ற ஆண்டு ஒரு வண்டியைக் காட்ட ஓட்டிக்கொண்டு வந்தார். "சார், இஞ்சின் பட்டு மாதிரி ஓடுது. உள்ளூர் வண்டிதான், ஒரே ஆளு ஓட்டினது" என்றார். உள்ளூர் வண்டி என்றதும் எனக்குச் சந்தேகம் தட்டியது. செம்பனைக் காட்டில் உர மூட்டை சுமந்த வண்டியா என்று கேட்டேன். ஆமாம் என்றார். உரம் உப்பல்லவா? ஈரத்தோடு சேர்ந்தால் இரும்பைத் தின்றுவிடும். இருக்கையைத் தூக்கி, சட்டத்தின் அடிப்பக்கத்தை ஒரு திருப்புளியால் குத்திப் பார்த்தோம். புதுச் சாயத்தோடு இரும்பும் பொருக்காக உதிர்ந்தது. மூன்று பேர் உட்கார்ந்து ஒரு பள்ளத்தில் இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்! அந்த வண்டியை அவர் திருப்பிக் கொடுத்துவிட்டார். முன்பணம் கொடுக்காமல் ஓட்டிப் பார்க்க வாங்கி வந்தது அவருடைய கெட்டிக்காரத்தனம்.

ஆகவே சட்டத்தைக் குத்திப் பாருங்கள். ஒட்டுப் போட்ட இடம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். வேறொருவரை நேராக ஓட்டச் சொல்லிப் பின்னால் நின்று பார்த்தால், இரண்டு சக்கரமும் ஒரே கோட்டில் போகிறதா என்பது தெரியும். போகாவிட்டால் அந்த வண்டி எங்கேயோ மோதி வந்தது. முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு கைப்பிடியை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டக்' என்று கையில் தட்டினால் கழுத்துப் பேரிங் தேய்ந்துவிட்டது. டிரம் பிரேக் வண்டிகள் பலவற்றில் பிரேக் கம்பி மாட்டும் இடத்தில் சிறிய அம்புக்குறி இருக்கும். பிரேக் பிடிக்கும்போது அது எதிரேயுள்ள கோட்டைத் தொட்டால் உள்ளே கட்டை தேய்ந்துவிட்டது என்று பொருள்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் ஒன்று அச்சாகியிருக்கும். 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரத்தில் செய்த டயர். பூ நன்றாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் இறுகி வெடிப்பு விடும். பால்மரம் வெட்டிய குடும்பங்களுக்கு ரப்பரின் குணத்தை நான் சொல்லியா தெரியவேண்டும்?

இஞ்சினைப் பார்க்கவே வேண்டாமா என்று கேட்காதீர்கள். காலையில், சூடேறாதபோது போய்ப் பாருங்கள். நீலப் புகை வந்தால் எண்ணெய் எரிகிறது; விலையைக் குறைத்துக் கேளுங்கள். அவ்வளவுதான்.

இனிக் கெரான். வண்டியில் அடித்திருக்கும் இஞ்சின் எண்ணும் சேஸிஸ் எண்ணும் கெரானில் உள்ளதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்க வேண்டும். அராவிய தடம் தெரிந்தால் மறுபேச்சுப் பேசாமல் வந்துவிடுங்கள். 'துந்துத்தான் ஹக்மிலிக்' என்ற இடத்தில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் இன்னும் தீரவில்லை. அப்போதுதான் விற்பவர் 'சம்புங் பாயார்' என்று இனிக்க இனிக்கப் பேசுவார். மீதித் தவணையை நீங்கள் கட்டுங்கள், பெயரைப் பிறகு மாற்றலாம் என்பார். வங்கியின் சம்மதம் இல்லாத இந்த ஏற்பாடு சட்டத்துக்குப் புறம்பானது. பக்கத்துத் தோட்டத்தில் ஒரு குடும்பம் மாதந்தோறும் தவணைப் பணத்தை விற்றவர் கையில் கொடுத்து வந்தது. அவர் அதை வங்கியில் கட்டவில்லை. ஒருநாள் ஆள் வந்து, லயத்து வாசலிலிருந்தே வண்டியை எடுத்துப் போய்விட்டார்கள். போலீஸில் சொல்லவும் அந்த வீட்டம்மாளுக்குத் துணிவு வரவில்லை. அவர்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

2023 முதல் ரோட் டேக்ஸ் வில்லை ஒட்டவேண்டிய கட்டாயம் இல்லை. ஆகவே வண்டியைப் பார்த்து நாள் தெரிந்துகொள்ள முடியாது. விற்பவரின் கைப்பேசியில் மைஜேபிஜே செயலியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். காப்புறுதியை உங்கள் பெயரில் எடுத்து, பெயர் மாற்றமும் முடிகிற அன்றே முழுப் பணத்தையும் கொடுங்கள். "நம்ம ஆளுதானே, அண்ணே" என்ற பேச்சுக்கு மயங்க வேண்டாம்.

இன்னொன்று. நம் நாட்டில் தலைக்கவசம் 1973 முதல் கட்டாயம். ஆனாலும் பள்ளி வாசலில் நான் பார்ப்பது, அப்பா தலையில் கவசம், பின்னால் பிள்ளை வெறுந்தலை! வண்டி விலையைப் பேசும்போதே பிள்ளையின் கவசத்துக்கும் பணம் ஒதுக்கிவிடுங்கள். சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பெரியவர்கள் கவசத்தைப் பிள்ளைக்கு மாட்டாதீர்கள். தாடைப் பட்டையைப் போட்டபின் பின்பக்கத்திலிருந்து முன்னால் தள்ளிப் பாருங்கள். கழன்று வந்தால் அந்த அளவு ஆகாது, சிறியதாக வேறொன்று கேளுங்கள்.