அப்பாவின் ஈக்குவலைசர்

பாயா ரும்புட்டில் எங்கள் வீட்டு ஸ்டோர் அறையில், தீபாவளிப் பலகார டின்களுக்குப் பின்னால், ஒரு கறுப்புப் பெட்டி பல வருடமாகச் சும்மா கிடந்தது. பத்தொன்பது அங்குல அகலம். முகப்பில் இடது ஸ்பீக்கருக்கு 31, வலது ஸ்பீக்கருக்கு 31 என்று மேலும் கீழும் நகரும் சின்னச் சின்ன ஸ்லைடர்கள். அப்பா அவற்றைப் "பல்லு" என்பார்.

தோட்டத்தை விட்டு வெளியே வந்த பிறகு அப்பாவுக்கு மைக் செட்தான் தொழில். செங், புக்கிட் ரம்பை, தஞ்சோங் மிஞ்ஞாக் என்று சுற்று வட்டாரத்தில் கல்யாணம், கோயில் திருவிழா, கருமாதி எதுவானாலும் அவருடைய குழாய் ஸ்பீக்கர்தான் கத்தும். மாசி மகத்துக்குச் சன்னாசிமலைப் பக்கம் தண்ணீர்ப் பந்தல் போடுகிறவர்கள் ஒரு மாதத்துக்கு முன்பே வந்து சொல்லிவிட்டுப் போவார்கள். கடைசி சில வருடங்களில் அந்தக் கூட்டம் குறைந்தது. "சத்தம் காதைக் குத்துதுண்ணே" என்றார்கள். வேறு ஆளைப் பிடித்தார்கள். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்தது. திருவிழாக்கள் நின்றன. அப்பா மற்ற சாமான்களையெல்லாம் விற்றுவிட்டு இந்த ஒரு பெட்டியை மட்டும் வைத்துக்கொண்டார்.

போன தீபாவளி விடுமுறையில் அதை ஹாலில் இருக்கும் செட்டோடு இணைத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. தூசு தட்டும்போது பார்த்தேன்: வலது கோடியில் இருந்த பற்கள் எல்லாம் மேலே ஏறி நின்றன. அக்கா பிள்ளைகள் விளையாடியிருப்பார்கள் என்று நினைத்து, அத்தனையையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்தேன்.

நான் வானொலியில் அறிவிப்பாளர். ஊடகத்துறையில் பட்டமும் உண்டு. ஆனால் நிலையத்தில் வயரைத் தொடுவது பொறியாளர்களின் வேலை. நான் மைக்கைத் திறப்பேன், பேசுவேன், மூடுவேன். வீட்டில் வேலையை ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ஒன்றுமே தெரியாது என்பது தெரிந்தது.

எங்கே செருகுவது? சித்தப்பா மகன், "ஆம்ப்ளிபையருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவுல போடுக்கா" என்றான். அவன் பேச்சைக் கேட்டிருந்தால் பெட்டி புகைந்திருக்கும். ஸ்பீக்கருக்குப் போகும் வயரில் ஓடுவது ஆம்ப்ளிபையர் பெரிதாக்கி அனுப்பும் மின்சாரம். ஈக்குவலைசர் அதற்கு முந்திய கட்டத்துக்கானது. சின்ன சிக்னலைத்தான் அது தாங்கும். அப்பாவின் பழைய ஜப்பான் ஆம்ப்ளிபையரின் முதுகில் "டேப் அவுட்", "டேப் இன்" என்று இரண்டு ஜோடித் துளைகள் இருக்கின்றன. கேசட் காலத்து வசதி. பாட்டு ஒன்றின் வழியாக வெளியே போய், இன்னொன்றின் வழியாகத் திரும்பி வரும். அந்த இடைவெளியில் ஈக்குவலைசரை வைத்து, முன்பக்கம் "டேப் மானிட்டர்" பொத்தானை அமுக்கினால் போதும். வானொலி, சிடி, கணினி எதுவானாலும் அதன் வழியாகத்தான் வரும். இப்போது கடைகளில் வரும் பல ஆம்ப்ளிபையர்களில் இந்த வசதி இல்லை. அப்படியானால் பாட்டு வரும் கருவிக்கும் ஆம்ப்ளிபையருக்கும் நடுவில் வைக்க வேண்டியதுதான்.

வாயும் பொருந்தவில்லை. ஈக்குவலைசரில் மேடை மைக்கில் இருப்பதுபோல மூன்று முள் எக்ஸ்எல்ஆர். வீட்டு செட்டில் ஆர்சிஏ. அப்பாவே பற்றவைத்துக் கொடுத்தார். உள்ளே போகும் வயரில் ஆர்சிஏயின் நடு ஊசி இரண்டாம் முள்ளுக்கு, வெளிவளையம் ஒன்றாம் முள்ளுக்கும் மூன்றாம் முள்ளுக்கும் சேர்த்து. வெளியே வரும் வயரில் மட்டும் மூன்றாம் முள்ளைக் கண்ணை மூடிக்கொண்டு அப்படிச் சேர்க்கக் கூடாதாம். சில கருவிகளுக்கு அது ஆகாது, கையேட்டைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும் என்றார்.

அளவும் வேறு. மேடைக் கருவிகளின் வழக்கமான அளவு சுமார் 1.23 வோல்ட். வீட்டுக் கருவிகளுக்கு 0.316 வோல்ட். கிட்டத்தட்ட 12 டெசிபல் வித்தியாசம். மெதுவாகப் பேசுகிறவரைப் பெரிய மண்டபத்து மேடையில் ஏற்றிவிட்டதுபோல, பாட்டோடு கருவியின் சொந்த இரைச்சலும் காதில் விழும்.

எல்லாம் மாட்டிப் பொத்தானை அமுக்கினேன். "ம்ம்ம்ம்" என்று ஒரு முனகல்.

பின்வாசலில் உட்கார்ந்திருந்த அப்பா, நான் வாயைத் திறப்பதற்கு முன்பே, "எர்த் சத்தம்மா அது" என்றார்.

என் மடிக்கணினியும் செட்டில் மாட்டியிருந்தது. அதன் சார்ஜருக்கு ஓர் எர்த், ஈக்குவலைசருக்கு ஓர் எர்த். இரண்டும் வயர் வழியாகச் சந்தித்து ஒரு வளையம் ஆகிவிட்டால், நம் வீட்டு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு ஸ்பீக்கரில் முனக ஆரம்பித்துவிடும். சார்ஜரைப் பிடுங்கியதும் நின்றது. சித்தப்பா மகன், ஈக்குவலைசர் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டிவிடலாம் என்று குறடோடு வந்தான். அப்பா அவனை முறைத்த முறைப்பு இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த முள் உயிரைக் காப்பாற்றுவதற்கு இருப்பது, அதில் கை வைக்காதே என்றார். மறுநாள் மலாக்கா டவுனில் சின்ன ஐசொலேஷன் டிரான்ஸ்பார்மர் ஒன்று வாங்கி, கணினி வயருக்கு நடுவில் போட்டோம். முனகல் போயிற்று.

"உஸ்ஸுன்னு ஒரு சத்தம் இன்னும் இருக்கேப்பா?" என்றேன்.

"எங்க? ஒண்ணும் இல்லையே."

பாட்டு ஓடும்போது அது தெரியாது என்பதால் நானும் விட்டுவிட்டேன். ஒரு ஸ்லைடரை அசைத்தால் கரகரவென்று வேறு கேட்டது. அதையும் பழைய சாமான்தானே என்று விட்டுவிட்டேன்.

அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு "சரி பண்ண" உட்கார்ந்தார். வலது பக்கப் பற்களை ஒவ்வொன்றாக மேலே தள்ளினார். 3150, 4000, 5000, 6300. எனக்குப் பல் கூசியது. பாத்திரக் கடைக்குள் உட்கார்ந்து பாட்டுக் கேட்பது போல இருந்தது. அப்பா சிரித்தார். "இப்பத்தாம்மா தெளிவா இருக்கு."

அக்கா பிள்ளைகள் ஒன்றையும் தொடவில்லை.

அன்று முன்பே பதிவுசெய்த என் நிகழ்ச்சி ஒலியேறியது. நடுவில் நான் சொன்ன ஓர் அசட்டு நகைச்சுவைக்கு அப்பா சத்தமாகச் சிரித்தார். அம்மா அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தார். எட்டு வருடமாக அப்பா என் நிகழ்ச்சியை விடாமல் கேட்கிறார். "குரல் நல்லா இருந்துச்சும்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொன்னதில்லை. அதைப் பெரிய பாராட்டாக எடுத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன். அன்று இரவு அம்மா சொன்னார்: "நீ பேசி முடிச்சதும் எங்கிட்ட வந்து, 'புள்ள என்ன சொன்னா?'ன்னு கேப்பாரு."

காது பரிசோதனைக்கு அழைத்துப் போனோம். "எனக்கு என்ன வயசாயிருச்சா?" என்று வழியெல்லாம் சண்டை. கொடுத்த வரைபடத்தில் 1000 ஹெர்ட்ஸ் வரை கோடு ஏறக்குறைய இயல்பாகத்தான் போகிறது. 4000-ல் கிணறு மாதிரி இறங்குகிறது. 8000-ல் கொஞ்சம் மேலே வருகிறது. வருடக்கணக்காக இரைச்சலில் நின்ற காதுக்கு இதுதான் அடையாளமாம். 50 ஹெர்ட்ஸ் முனகலைப் பின்வாசலிலிருந்து பிடித்தவருக்கு, முன்னால் இருந்த "உஸ்" ஏன் கேட்கவில்லை என்பது அந்தக் காகிதத்தில் இருந்தது.

உயிரெழுத்தின் ஓசைக்குக் கீழ்ப் பகுதியே பெரும்பாலும் போதும். மெய்யை மெய்யிலிருந்து பிரித்துக் காட்டுவது மேல் பகுதி. படம், தடம், கடம் என்று சொல்லிப் பாருங்கள். மேல் பகுதி போய்விட்டால் மூன்றும் ஏறக்குறைய ஒரே சொல். குரல் கேட்கும், யார் பேசுகிறார் என்று தெரியும், என்ன பேசுகிறார் என்றுதான் பிடிபடாது.

நம் நாட்டு வேலையிட இரைச்சல் விதிமுறை 2019-ல் வந்தது. ஒரு நாளைக்கு 8 மணி நேரத்துக்கு 85 டெசிபல் என்பது அதன் வரம்பு. 3 டெசிபல் கூடினால் நேரம் பாதியாகும் என்பது கணக்கு; 100 டெசிபல் என்றால் 15 நிமிடம்தான். குழாய் ஸ்பீக்கருக்கும் ஜெனரேட்டருக்கும் நடுவில் மூன்று நாள் திருவிழா முழுக்க நின்ற சொந்தத் தொழில்காரருக்கு அதை யார் அளந்தார்கள்? "காதைக் குத்துது" என்று கமிட்டிக்காரர்கள் சொன்னபோது நானும் அவர்கள் பக்கம்தான் பேசினேன். அப்பாவுக்கு இப்போதெல்லாம் சவுண்ட் பார்க்கத் தெரியவில்லை என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் தன் காதுக்குச் சரியாகத்தான் வைத்திருக்கிறார்.

ஈக்குவலைசரே போதாதா என்று பரிசோதித்தவரிடம் கேட்டேன். அது சின்னச் சத்தத்தையும் பெரிய சத்தத்தையும் ஒரே அளவில்தான் தூக்கும். இந்தக் காதுக்குச் சின்னது கேட்காது, பெரியது வந்தால் வலிக்கும். கேட்கும் கருவி சின்னதை அதிகமாகவும் பெரியதைக் குறைவாகவும் தூக்கித் தரும் என்றார். அப்பா இரண்டு மாதம் அதை அலமாரியில் வைத்திருந்தார். பிறகு என் நிகழ்ச்சி நேரத்துக்கு மட்டும் போட ஆரம்பித்தார். இப்போது பகலெல்லாம் போடுகிறார். நான் வேகமாகப் பேசுவதாகக் குறை சொல்கிறார். உண்மைதான், குறைத்திருக்கிறேன்.

பற்களை மறுபடி நடுக்கோட்டுக்கு இறக்கிவிட்டார். போன ஞாயிற்றுக்கிழமை நான் கிளம்பும்போது வாசல் வரை வந்து, "டவுன்ல கான்டாக்ட் ஸ்பிரே கெடச்சா வாங்கிட்டு வாம்மா" என்றார். "அந்த நாலாயிரத்துப் பல்லு கரகரங்குது. புதுசா வந்திருக்கு."

வாங்கி வருகிறேன் என்றேன்.