நீரில் நீளும் விளக்குகள்

இருளைத் தீட்டக் கருமை ஒன்றே போதும் என்று எண்ணுவோர் பலர். தூரிகை ஏந்தியவர் அவ்வாறு சொல்லார்.

வின்சென்ட் வான்கோ 1888 செப்டம்பரில் தென் பிரான்சின் ஆர்ல் நகரில் தீட்டிய ரோன் ஆற்று இரவுக் காட்சி இன்று பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் அச்சுப்படி ஒன்றை நாம் மேசைமேல் வைத்துள்ளோம். அப்படத்தை அவர் இரவிலேயே, எரிவாயு விளக்கொளியில் தீட்டினார். மஞ்சள் விளக்கின்கீழ் நீலமும் பச்சையும் பிரித்தறிய இயலாமல் மயங்கும், ஆயினும் துணிந்தார். வானம் நீலம்; நீர் அதனினும் ஆழ்ந்த நீலம்; கரையோர விளக்குகளோ நீரில் நெடிய பொன்தூண்களாக இறங்குகின்றன.

அசைவற்ற நீரில் விளக்கின் நிழல் புள்ளியாகவே தெரியும். சிற்றலை எழுந்தாலோ, அலைச் சரிவுகள் எண்ணற்ற சிறு கண்ணாடிகளாகி, அந்நிழலை நம்மை நோக்கி நீட்டிவிடுகின்றன. ஆதலின் அத்தூணை ஒரே கோடாக இழுத்தல் ஆகாது. சிறு சிறு கீற்றுகளாக அடுக்க வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. படத்தில் நகரம் தென்மேற்கே இருக்கிறது. அதன்மேல் மின்னுவதோ வடதிசைக்குரிய சப்தரிஷி மண்டலம். மனிதன் ஏற்றிய விளக்கையும் அவன் கைக்கு எட்டாத மீனையும் ஒரே சட்டத்துள் காண அவர் விழைந்தார் போலும்.

நாம் ஓவியரல்லோம். எனினும் ஓராண்டாக நம் ஊர்த் துறைமுகத்து இரவை நீர்வண்ணத்தில் தீட்டிவருகிறோம். நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தாளின் வெண்மையே. ஒளிக்குரிய இடத்தை முதலில் விட்டுவைத்து, சுற்றிலும் நீலத்தைப் படிப்படியாக ஏற்ற வேண்டும். விட்ட இடத்தில் நீலம் பரவிவிட்டால் பழைய வெண்மை மீளாது.

இம்முயற்சிக்குக் காரணம் உண்டு. நம் இரு கண்களிலும் புரை படர்ந்துள்ளது. விளக்கு ஒவ்வொன்றும் கதிர் விரித்த மலராகத் தோன்றுகிறது. அடுத்த திங்கள் அறுவை. அதன்பின் அம்மலர்கள் சுருங்கிவிடும் என்கிறார் மருத்துவர். மகிழ்ச்சியே, பேரப்பிள்ளைகளின் முகங்களைத் தெளிவாகக் காணும் ஆவல் நமக்கு மிகுதி. ஆயினும் மங்கிய கண்ணுக்கும் ஓர் அழகு அருளப்பட்டிருந்தது என்பதை அவர்கள் அறிய வேண்டும். அதற்காகவே முடிந்த ஏழு படங்களையும் பெட்டியில் பத்திரப்படுத்தியுள்ளோம். எட்டாவது, இன்னும் உலரவில்லை.