தங்கச்சியின் ஒபரேஷன் பற்றிக் கேட்பவர்களுக்கு



தங்கச்சிக்கு நிறை குறைக்கும் ஒபரேஷன் செய்யப் போறீங்களாமே என்று கலியாண வீட்டிலும் பாடசாலையிலும் கேட்கிறார்கள். ஆளாளுக்குச் சொல்லிக் களைத்துவிட்டோம். "நீங்களே பேஸ்புக்கில எழுதிப் போடுங்க ராத்தா" என்று அவவே சொன்னதால் எழுதுகிறோம். முடிவு இன்னும் எடுக்கவில்லை. ஏன் எடுக்கவில்லை என்பதுதான் விசயம்.

அவவுக்கு இருப்பது சீலியாக் நோய். இது அலர்ஜி இல்லை. கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றில் உள்ள குளூட்டன் என்ற புரதம் உள்ளே போனால், உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சிறுகுடலின் உட்சுவரைத் தாக்கும். சத்தை உறிஞ்சும் இடம் தேய்ந்துபோகும். இதற்குக் குளிசை கிடையாது. ஆயுள் முழுக்க குளூட்டனைத் தவிர்ப்பதுதான் மருந்து. பாண், பராட்டா, கொத்து, ரோல்ஸ் மட்டுமில்லை, சோயா சோஸும் மோல்ட் பானமும்கூட ஆகாது. கடைப் பிட்டில் கோதுமை மா கலந்திருக்கலாம். (இந்த நோய் இருக்குமோ என்று சந்தேகப்படுபவர்கள் இரத்தப் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் டெஸ்டில் பிடிபடாமல் போகலாம்.)

"சீலியாக் என்றா மெலிஞ்சு போவாங்களே, இவ எப்படி இப்படி?" என்பது அடுத்த கேள்வி. 2021இல் கண்டுபிடிக்கும்போது அவ 78 கிலோ. எத்தனை இரும்புக் குளிசை குடித்தும் இரத்தச்சோகை மாறாமல் இருந்ததில்தான் டொக்டருக்குச் சந்தேகம் வந்தது. குளூட்டனை நிறுத்தியதும் குடல் ஆறத் தொடங்கியது, சாப்பிட்டது உடம்பில் ஒட்டியது. மூன்று வேளையும் அரிசிச் சாப்பாடு வேறு. இப்போது 96 கிலோ, பிஎம்ஐ 38. சீனி வருத்தமும் வந்துவிட்டது. சீனியால் வாப்பாவின் கால் எடுக்கப்பட்டதைக் கண்ட வீடு இது. "அழகுக்காக வெட்டப் போறாங்க" என்று யாரும் சொன்னால் உம்மாவுக்குத் தாங்காது. எங்களுக்கும்தான்.

ஒபரேஷனில் கூடுதலாகச் செய்வது இரண்டு வகை. ஸ்லீவ் என்றால் இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பங்கை வெட்டி எடுத்து மிச்சத்தைக் குழாய் போல ஆக்குவது. குடலில் கை வைப்பதில்லை. பைபாஸ் என்றால் இரைப்பையைச் சின்னப் பையாக்கி, சிறுகுடலின் முதல் பகுதியைத் தாண்டிக் கீழே இணைப்பது. சீனி உள்ளவர்களுக்கு பைபாஸ்தான் நல்லது என்று பலர் சொன்னார்கள். அதில் உண்மையும் உண்டு. ஆனால் சீலியாக் கூடுதலாகத் தாக்குவது அந்த முதல் பகுதியைத்தான். இரும்பும் கல்சியமும் முக்கியமாக உறிஞ்சப்படுவதும் அங்கேதான். ஏற்கனவே இரத்தம் குறைந்து கஷ்டப்பட்டவ, அந்த இடத்தையும் தாண்டிவிட்டால் என்ன ஆகும்? பிறகு குடலைச் சோதிக்க வழமையான கமெராவை அங்கே விடுவதும் லேசில்லை.

ஸ்லீவ் என்றாலும் நெஞ்செரிவு கூடலாம், பி12 குறையலாம். எதைச் செய்தாலும் விற்றமின் ஆயுள் முழுக்க எடுக்க வேண்டும். இங்கேதான் எங்களுக்கு இரட்டை வேலை. பார்மசியில் ஒவ்வொரு போத்தலையும் திருப்பி, குளூட்டன் இருக்கா என்று பார்க்க வேண்டும், கெப்சூலின் ஜெலட்டின் எதில் செய்தது என்றும் பார்க்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே போத்தலில் பதில் கிடைப்பது குறைவு.

ஒபரேஷன் செய்த ஆரம்ப காலத்தில் தண்ணீரைப் பகல் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்க வேண்டும், நோன்பு பிடிக்க வேண்டாம் என்று டொக்டர் சொன்னார். கத்தி, தையல் எல்லாம் கேட்டுக்கொண்டு சும்மா இருந்தவ, அதைக் கேட்டுத்தான் அழுதா. மார்க்கத்தில் நோயாளிக்குச் சலுகை இருக்கிறது என்று அவவுக்கும் தெரியும்.

கொழும்பில் பார்த்த சத்திரசிகிச்சை நிபுணர் அவசரப்படுத்தவில்லை. குடல் ஆறியிருக்கிறது என்று உறுதியான பிறகுதான் திகதி பற்றிக் கதைக்கலாம் என்றார். டீடீஜி என்ற இரத்தப் பரிசோதனையில் அளவு நன்றாக இறங்கியிருக்கிறது, ஆனால் இயல்புக்கு வரவில்லை. அப்படியென்றால் எங்கிருந்தோ கொஞ்சம் குளூட்டன் இன்னும் போகிறது. தேடிப் பார்த்ததில் சந்தேகம் வந்து நின்றது அரிசி மாவில். நாங்கள் அரைக்கும் மில்லில் அதே மெசினில்தான் கோதுமை போட்ட சத்துமாவும் அரைக்கிறார்கள். இப்போது உம்மா வீட்டிலேயே கிரைண்டரில் அரைக்கிறா. சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் கஷ்டம், மன்னிக்கவும்.

"வாயைக் கட்டினா போதுமே" என்பவர்களுக்கு ஒன்று. நாலு வருசமாக ஒரு துண்டு பாண் தொடாதவவுக்கு வாயைக் கட்டுவது பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. வலீமாவில் சஹனில் உட்காராமல் தன் டப்பாவைத் திறந்தால் பெருமை பிடித்தவ என்று நினைக்கவும் வேண்டாம்.

அடுத்த டெஸ்ட் வரும் மாதம். அளவு இயல்புக்கு வந்தால் ஸ்லீவ் பற்றித் திரும்பக் கதைப்போம். வராவிட்டால் இன்னும் பொறுப்போம். உங்களில் யாராவது சீலியாக் உள்ளவர் இந்த ஒபரேஷன் செய்திருந்தால் இன்பொக்ஸில் சொல்லுங்கள். தங்கச்சி உங்களோடு கதைக்க ஆசைப்படுகிறா. துஆச் செய்யுங்கள்.