பேட்டி அறையில் மாமாவுக்கு என்ன வேலை?

நம் சங்கத்துக் குடும்பங்களில் இவ்வாண்டு பி.யு.சி. முடித்த பிள்ளைகள் பலர் உளர். அவர்களுள் சிலர் பார்மசிப் படிப்பில் சேர விரும்புகின்றனர் என்றும், “பேட்டியில் என்ன கேட்பார்களோ?” என்று பெற்றோர் கவலையுறுகின்றனர் என்றும் சென்ற மாதக் கூட்டத்தில் அறிந்தேன். நான் ரயில்வேயில் எழுத்தர். பத்தாம் வகுப்பு வரை படித்து, கடைநிலைப் பணியில் சேர்ந்து, பின்னர்த் துறைத் தேர்வு எழுதி மேசைக்கு வந்தவன். கல்லூரி வாயிலை மாணவனாக மிதித்ததில்லை. ஆயினும் மூன்று ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையின் மகளை அத்தகைய பேட்டி ஒன்றுக்கு அழைத்துச் சென்று, நான் செய்த பிழையால் அறையை விட்டு வெளியே அனுப்பப்பட்டவன் என்ற தகுதி எனக்கு உண்டு. அத்தகுதியைக் கொண்டே இதனை எழுதத் துணிந்தேன்.

எங்கள் ஊர் கொள்ளேகால். பட்டுச் சேலைக்குப் பெயர் பெற்ற ஊர். என் பாட்டனார் நெசவுத் தொழிலை நாடிப் பவானியிலிருந்து இங்கு வந்தபோது, இரண்டு ஊர்களும் கோயமுத்தூர் மாவட்டத்திலேயே இருந்தன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது கொள்ளேகால் வட்டம் மைசூர் மாநிலத்தோடு சேர்ந்தது. பின்னர் 1997-இல் மைசூர் மாவட்டத்திலிருந்து சாமராஜநகர் மாவட்டம் பிரிந்தது. இவ்வாறு வீட்டை விட்டு நகராமலே நாங்கள் மூன்று மாவட்டங்களைக் கண்டுவிட்டோம். ரயில் மட்டும் இன்னும் எங்கள் ஊருக்கு வரவில்லை. ரயில்வே ஊழியனாகிய நான் பேருந்தில் ஏறித்தான் ரயிலடிக்குச் செல்கிறேன்.

என் தமக்கை மகள் பார்மசியை விரும்பியதற்கு ஒரு காரணம் உண்டு. அவள் பத்தாம் வகுப்பு படிக்கும்போது, என் தாயார், அதாவது அவளுடைய அம்மாயி, ஒரு நாள் விடியற்காலையில் உடல் முழுதும் வியர்த்து, பேச்சுக் குழறி, கட்டிலிலிருந்து எழ இயலாமல் கிடந்தார். அவருக்குப் பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உண்டு. நாங்கள் கலங்கி நிற்க, பக்கத்து வீட்டார் ஒருவர் சர்க்கரையைக் கரைத்துச் சிறிது சிறிதாகப் புகட்டினார். விழுங்கும் நினைவு அவருக்கு இருந்ததனால் அது பயன்பட்டது. பின்னர் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துவிட்டது என்றார்கள். காரணம் யாருக்கும் விளங்கவில்லை.

அன்று மாலை அச்சிறுமி மாத்திரைப் பெட்டியைத் தரையில் கவிழ்த்து, ஒவ்வோர் அட்டையையும் விளக்கருகே பிடித்துப் படித்தாள். இரண்டு அட்டைகள், இரண்டு பெயர்கள், இரண்டு நிறங்கள். ஆனால் பெரிய எழுத்துப் பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் இருந்த மருந்தின் பெயர் இரண்டிலும் ஒன்றே: கிளிமிபிரைடு. கடையில் பழைய கம்பெனி மாத்திரை இல்லாமையால் வேறு கம்பெனியுடையதைக் கொடுத்திருக்கிறார்கள். பழையதற்குப் பதில் இது என்று ஒருவரும் சொல்லவில்லை. அம்மா பழையதில் மிச்சமிருந்ததையும் விழுங்கி, புதியதையும் விழுங்கியிருக்கிறார். அன்றிரவே அவள் வெள்ளைத் தாள்களைக் கத்தரித்து, ‘காலை’, ‘இரவு’, ‘சோற்றுக்கு முன்’ என்று தமிழில் எழுதி அட்டைகளில் ஒட்டினாள். என் தாயார் சத்தியமங்கலத்திலிருந்து மணமாகி வந்தவர். அவர் படிக்கக்கூடியது தமிழ் ஒன்றே.

இவ்வளவும் எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் பேட்டிக்கு அவளைத் தயார் செய்தபோது இதில் ஒரு சொல்லைக்கூட நான் நினைக்கவில்லை. வழிகாட்டிப் புத்தகம் ஒன்றை வாங்கி, அதிலிருந்து “மனித குலத்துக்குச் சேவை செய்வதே என் வாழ்வின் குறிக்கோள்” என்ற பொருள்பட ஆங்கிலத்தில் ஒரு பக்கம் எழுதிக் கொடுத்து, ஒரு வாரம் நெட்டுருப் போடச் செய்தேன்.

பேட்டி மைசூரில் ஒரு தனியார் கல்லூரியில் நடந்தது. மூவர் அமர்ந்திருந்தனர், நடுவில் வயது முதிர்ந்த பேராசிரியை ஒருவர். பெற்றோரும் உடன் வரலாம் என்றதனால் நானும் உள்ளே சென்றேன். “ஏன் இந்தப் படிப்பு?” என்றார் அம்மையார். பிள்ளை மனப்பாடத்தைத் தொடங்கினாள். இரண்டாம் வாக்கியத்திலேயே அவர் கையை உயர்த்தி, “காலையிலிருந்து இதையே பலரும் சொல்லிவிட்டார்கள், அம்மா” என்று புன்னகைத்தார். அவள் திகைத்தாள். நான் பொறுக்கமாட்டாமல் குறுக்கிட்டு, அவள் பெற்ற மதிப்பெண்களைச் சொன்னேன். அடுத்த கேள்வி, டாக்டர் சீட்டைப் படித்து மருந்து எடுத்துக் கொடுப்பவருக்கு நான்கு ஆண்டுப் படிப்பு எதற்கு என்பது. அதற்கும் நானே வாய் திறந்தேன். அம்மையார் கன்னடத்தில் மிக மரியாதையாக, “நீங்கள் சற்று வெளியே அமருங்கள், ஐயா. இங்கே படிக்கப் போகிறவர் அவர்தானே?” என்றார்.

தாழ்வாரத்து விசுப்பலகையில் நான் கழித்த அந்த இருபது நிமிடங்கள் நெடியவை. நான் நின்றுவிட்ட படிப்பை அவள் வழியாகப் பெற ஆசைப்பட்டேன் என்பதும், அந்த ஆசையே அவள் பேச வேண்டிய இடத்தில் என்னைப் பேச வைத்தது என்பதும் அங்கேதான் எனக்கு உறைத்தன.

வெளியே வந்தவள் முகத்தில் கலக்கம் இல்லை. ஊர் திரும்பும் பேருந்தில் நடந்ததைச் சொன்னாள். “மாமா, நீங்க எழுதிக் கொடுத்ததை விட்டுட்டேன். அம்மாயி மாத்திரைக் கதையைச் சொன்னேன்.” அதைக் கேட்டபின் மூவரும் நிமிர்ந்து அமர்ந்து, மேலும் மேலும் வினவினார்களாம். ஒரே மருந்துக்குப் பல பெயர்கள் இருப்பது ஏன்? சர்க்கரை தாழ்ந்தால் தெரியும் அறிகுறிகள் யாவை? தெரிந்தவர் ஒருவர் சீட்டில்லாமல் ஆன்டிபயாடிக் கேட்டால் என்ன செய்வாய்? அவள், “டாக்டரிடம் போகச் சொல்வேன், அரைகுறையாகச் சாப்பிட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும் என்று விளக்குவேன்” என்றாளாம். வேதியியலில் தாங்கல் கரைசல் பற்றிய ஒரு கேள்விக்கு விடை தெரியவில்லை. தெரியாது என்றே சொல்லியிருக்கிறாள். அவர்கள் குறை கூறவில்லை. இறுதியாக, கன்னடம் மட்டும் அறிந்த முதியவர் ஒருவருக்கு மருந்து உண்ணும் முறையைச் சொல்லிக் காட்டு என்றார்கள். கொள்ளேகால் கன்னடத்திலேயே சொன்னாளாம். “வீட்டில் தமிழ், தெருவில் கன்னடம், பாடத்தில் ஆங்கிலம். மருந்துக்கடைக்கு இப்படிப்பட்டவர்தான் வேண்டும்” என்று அம்மையார் சொன்னாராம். நம் பிள்ளைகள் எதனைக் குறையாக எண்ணி வெட்கப்படுகிறார்களோ, அதுவே அங்கே நிறையாயிற்று.

இனி, நான் பட்டறிந்த சிலவற்றை வரிசையாகக் கூறுகிறேன்.

முதலாவது, ‘பேட்டி’ என்று நாம் ஒரே பெயரால் அழைப்பவை இரண்டு. கர்நாடகத்தில் அரசு ஒதுக்கீட்டு பி.பார்ம் இடங்கள், தேர்வு ஆணையம் நடத்தும் சி.இ.டி. தர வரிசைப்படி நிரப்பப்படுகின்றன. அங்கே நடப்பது சான்றிதழ்ச் சரிபார்ப்பு. அறிவை யாரும் சோதிப்பதில்லை. நீட் தேர்வும் இப்படிப்புக்குத் தேவையில்லை. தமிழ்நாட்டிலும் பி.பார்முக்குக் கலந்தாய்வே, வெளி மாநிலத்தில் படித்த நம் பிள்ளைகள் அங்கே விண்ணப்பித்தால் பிறப்பிடச் சான்று காட்ட வேண்டும். எங்களைப் போலக் கேள்வி கேட்கும் பேட்டிக்குச் செல்வோர், பெரும்பாலும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கோ தனித்துச் சேர்க்கை நடத்தும் பல்கலைக்கழகங்களுக்கோ விண்ணப்பித்தவர்களே. வெளிநாடுகளில் வழக்கம் வேறு. இங்கிலாந்தில் பல பார்மசிப் பள்ளிகளில் மாணவர் ஒவ்வோர் இடமாகச் சென்று, சில நிமிடங்களுக்கு ஒரு கேள்வியாகப் பதில் சொல்ல வேண்டும்; சினங்கொண்ட நோயாளியிடம் எப்படிப் பேசுவாய் என்பது போன்றவையும் கேட்கப்படும். எங்கு கேட்டாலும் அவர்கள் அறிய விரும்புவது, பிறர் உயிரைப் பொறுப்போடு கையாளும் பிள்ளையா என்பதே.

இரண்டாவது, எந்தப் படிப்பு என்பதை முன்னரே தெளிவு செய்துகொள்ளுதல். டி.பார்ம் இரண்டு ஆண்டு; அதன்பின் 500 மணி நேரப் பயிற்சி. பி.பார்ம் நான்கு ஆண்டு. 2008-இல் தொடங்கிய பார்ம்.டி. ஆறு ஆண்டு, அதில் கடைசி ஆண்டு மருத்துவமனைப் பயிற்சி. “ஏன் அதை விட்டு இதை?” என்ற கேள்விக்குப் பிள்ளையிடம் சொந்த விடை இருக்க வேண்டும்.

மூன்றாவது, டாக்டர் படிப்புக் கிடைக்காததனால் வந்தாயா என்று கேட்டால் நாணவேண்டா. உண்மை அதுவானால் அதைச் சொல்லி, பிறகு இத்தொழிலைப் பற்றி அறிந்ததைச் சொல்லலாம். அறிய வேண்டியவையும் உண்டு. நம் நாட்டில் பார்மசியைப் பல்கலைக்கழகப் படிப்பாக 1932-இல் காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் தொடங்கியவர் மகாதேவ லால் ஷ்ராஃப். 1948-இல் பார்மசிச் சட்டம் வந்தது. மருத்துவர் சீட்டுக்கு மருந்து கொடுப்பவர் பதிவு பெற்ற மருந்தாளுநராக இருத்தல் வேண்டும் என்று அது விதிக்கிறது. என் தாயாருக்கு அட்டையை மாற்றிக் கொடுத்தவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த விடியற்காலை எங்களுக்கு வந்திராது. அந்த ஒரு வார்த்தைக்காகவே சட்டமும் நான்கு ஆண்டுப் படிப்பும் என்று இப்போது எண்ணுகிறேன்.

நான்காவது, அவர்கள் நம்மைக் கேட்பது போல நாமும் கேட்க வேண்டும். கல்லூரிக்கு இவ்வாண்டு இந்தியப் பார்மசிக் குழுவின் ஒப்புதல் உண்டா, எத்தனை இடங்களுக்கு உண்டு என்பதைக் குழுவின் இணையதளத்தில் தாமே பார்த்துக்கொள்க. ஒப்புதல் இல்லாத படிப்பை முடித்தவர் மருந்தாளுநராகப் பதிவு செய்துகொள்ள இயலாது. கட்டணம் முழுவதையும் எழுத்தில் கேட்டுப் பெறுக.

ஐந்தாவது, சான்றிதழ்கள். இதில்தான் நம் குடும்பங்கள் மிகுதியும் இடறுகின்றன. கர்நாடகத்தில் ஏழு ஆண்டு படித்தமைக்கும், கிராமப்புறப் பள்ளியிலோ கன்னட வழியிலோ முதல் பத்து வகுப்பும் படித்திருந்தால் அதற்கும், வட்டாரக் கல்வி அலுவலரின் மேலொப்பத்தோடு படிப்புச் சான்று வாங்கி வைக்க வேண்டும். தமிழ்நாட்டுப் பட்டியலில் பிற்பட்ட வகுப்பாக இருப்பதனாலேயே இங்கும் சலுகை கிடைத்துவிடாது. கர்நாடகப் பட்டியலில் தம் வகுப்பு உண்டா, எப்பிரிவில் உண்டு என்பதைப் பார்த்துத் தாசில்தாரிடம் சான்று பெற வேண்டும். பெயரிலும் கவனம் தேவை. நமக்கு முதலெழுத்து முன்னே. இங்கே தகப்பனார் பெயர் பின்னே. எங்கள் பிள்ளையின் தகப்பனார் பெயரில் வரும் ழகரம் கன்னடத்தில் ளகரமாகி, ஆங்கிலத்தில் தாளுக்கு ஒரு விதமாக நின்றது. பிரமாணப் பத்திரம் எழுதி முத்திரை பெற இரண்டு நாள் அலைந்தோம். எழுத்தர் வேலை பார்க்கும் நான் ஊரார் தாள்களை எல்லாம் சரிபார்ப்பவன்; வீட்டுத் தாளைப் பார்க்கவில்லை. விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறக்கூடும். ஆகையால் அவ்வாண்டுக் கையேட்டை முழுதும் படித்துவிடுக.

அந்தத் தனியார் கல்லூரியில் அவளுக்கு இடம் தருவதாகச் சொன்னார்கள். கட்டணம் எங்கள் கைக்கு எட்டவில்லை. அவள் ஒரு சொல்லும் சொல்லாமல் இரவில் அழுததைத் தமக்கை மறுநாள் என்னிடம் கூறினாள். இரண்டு மாதம் கழித்து சி.இ.டி. வழியாக வேறொரு கல்லூரியில் இடம் கிடைத்தது. இப்போது மூன்றாம் ஆண்டு முடிக்கிறாள். விடுமுறைக்கு வந்தால் முதல் வேலையாக அம்மாயியின் மாத்திரைப் பெட்டியைக் கவிழ்த்துப் பார்க்கிறாள். எழுத்து மங்கிய தாள்களைக் கிழித்துப் புதியன ஒட்டுகிறாள்.

பேட்டிக்குச் செல்லவிருக்கும் பிள்ளைகள் அனைவருக்கும் என் வாழ்த்துகள். உடன் செல்லும் தந்தையர்க்கும் மாமன்மார்க்கும் ஒரு வேண்டுகோள். சான்றிதழ்ப் பையையும் தண்ணீரையும் நாம் சுமப்போம். அறைக்குள் அழைத்தால் செல்வோம். ஆனால் நம்மைக் கேட்டாலொழிய வாய் திறவாதிருப்போம்.