காவிரிக்கு வந்த பாரசீகத் தூது

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் மேற்கெல்லையில், கர்நாடக மாநிலத்தை அடுத்து அமைந்த சிற்றூர் ஜவளகிரி. தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதுவும் செவியில் விழும் எல்லைப்புறம் அது. அதன் தெற்கே பரந்து கிடக்கும் காடுகளைக் கடந்தால் காவிரியைக் காணலாம். சங்கப் புலவரும் இளங்கோவடிகளும் பாடிய அவ்வாற்றைப் பாரசீக மொழியிலும் ஒருவர் பாடியுள்ளார். அவரே கவிஞர் முகம்மது இக்பால்.

இக்பால் 1877-ஆம் ஆண்டில் பஞ்சாபிலுள்ள சியால்கோட்டில் பிறந்தார். லாகூரில் பயின்ற பின் 1905-இல் ஐரோப்பா சென்றார். கேம்பிரிட்ஜில் தத்துவம் கற்று, மியூனிக்கில் டாக்டர் பட்டம் பெற்றார். 1908-இல் தாயகம் மீண்டு லாகூரில் வழக்கறிஞராகத் தொழில் புரிந்தார். ஆயினும், அவர் உள்ளம் கவிதையிலேயே தோய்ந்திருந்தது.

இந்திய நாட்டைப் போற்றி 1904-இல் அவர் உருதுவில் இயற்றிய பாடல் இன்றும் நம் நாட்டில் பாடப்பெறுகிறது. பின்னாளில் அவர் கொண்ட அரசியற் கருத்து வேறு. வடமேற்கு மாகாணங்களை இணைத்து முசுலிம்களுக்கெனத் தனி அரசு அமைய வேண்டும் என 1930-இல் அலகாபாத்தில் அவர் உரைத்தார். அக்கருத்தை ஏற்காதவர் பலர். எனினும், அவர்கள் அவர்தம் பாட்டைக் கைவிட்டாரல்லர்.

1915-இல் வெளிவந்த ‘அஸ்ராரே குதி’ என்னும் பாரசீக நூலில் அவர்தம் தத்துவம் தெளிவாக விளங்குகிறது. ‘குதி’ என்பது ‘தான்’ என்னும் உணர்வு. அது செருக்கன்று, தன் ஆற்றலைத் தானே அறிந்து வளர்க்கும் உறுதியாகும். உயர்ந்த குறிக்கோளாலும் அன்பாலும் அது வலுப்பெறும். பிறரிடம் இரந்து நிற்பதால் மெலியும். இக்கொள்கை, ‘இரவச்சம்’ என ஓர் அதிகாரமே வகுத்த வள்ளுவரை நமக்கு நினைவூட்டுகிறதன்றோ?

1929 ஜனவரியில் இக்பால் சென்னைக்கு வந்து, சமயச் சிந்தனை குறித்துச் சொற்பொழிவுகள் ஆற்றினார். பின்னர் மைசூர் நாடு சென்று, காவிரி சூழ்ந்த சீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் அடக்கத்தலத்தைக் கண்டார். 1799-இல் போர்க்களத்தில் வீழ்ந்த அவ்வேந்தன், 1932-இல் வெளிவந்த ‘ஜாவீது நாமா’ என்னும் பாரசீகக் காப்பியத்தில் மீண்டும் பேசுகிறான். விண்ணுலகில் கவிஞரைக் கண்ட அவன், தான் ஆண்ட நாட்டின் காவிரிக்குச் செய்தி விடுக்கிறான். கிளியையும் மேகத்தையும் தூது விடுப்பது தமிழ் மரபு. இங்கோ ஆறே தூதைப் பெறுகிறது!

அச்செய்தியின் பொருள் யாது? வாழ்வு கணந்தோறும் புதிதாகிறது. ஆறும் மனிதனும் ஓயாத வழிப்போக்கரே. உயரிய நோக்குடன் வாழ்ந்தவனைச் சாவும் வெல்லாது என்பதாம்.

இக்பால் 1938-இல் மறைந்தார். தேங்கிய நீர் நாறும்; ஓடும் நீர் தெளியும். முயற்சியில் தேங்காத வாழ்வே தெளிந்த வாழ்வு என்னும் அவர் கருத்து, மொழியெல்லை கடந்து யாவர்க்கும் உரியதாகும்.