இரண்டு மில்லிமீற்றர்ப் படை

மானிப்பாய்ப் பக்கத்தில் ஒரு சிறிய பல் வைத்திய நிலையம். கதிரையில் ஓய்வுபெற்ற ரீச்சர் ஒருவர். இரண்டு வருடத்துக்கு முன் வேறோரிடத்தில் அடைத்த கடைவாய்ப் பல் அவரை வருத்துகிறது.

“கடிக்கேக்க சுள்ளெண்டு குத்துது டொக்டர். கடியை விட்டால் ஒண்டுமில்லை.”

டொக்டர் கண்ணாடியைச் சாய்த்து, பக்கத்தில் நின்ற எனக்கும் காட்டினார். அடைப்பின் ஓரத்தில் மயிரிழை போல ஒரு மண்ணிறக் கோடு. “சுருங்கி விலகியிருக்கும் போல. கழட்டித்தான் பாக்கவேணும்.”

பல்லின் நிறத்திலேயே இருக்கும் கொம்பசிற் என்பது ரெசினில் கண்ணாடித் துகள் கலந்த களி. நீல வெளிச்சம் பட்டதும் தள்ளித் தள்ளி நின்ற மூலக்கூறுகள் கைகோத்து நெருங்குகின்றன, களி இறுகுகிறது. அந்த நெருக்கத்தில் கனவளவு நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்கு குறைந்துவிடும். சும்மா கிடக்கும் களி என்றால் குறைந்துவிட்டுப் போகட்டும். இதுவோ பல்லின் சுவர்களோடு பசை போட்டு ஒட்டிய களி. சுருங்கும்போது சுவரை இழுக்கிறது. ஒன்றில் பசை விடும், அல்லது பல் வளையும், எனாமல் வெடிக்கும். விட்ட இடத்தில் திரவம் தங்கி, கடிக்கும்போது அசைந்து நரம்பைச் சுண்டும். ரீச்சரின் ‘சுள்’ அதுதான்.

இந்த இழுவையை மதிப்பிட, ஒட்டிய பக்கங்களை ஒட்டாத பக்கங்களால் வகுத்துப் பார்க்கும் கணக்கை 1987இல் நெதர்லாந்து ஆய்வாளர்கள் முன்வைத்தார்கள். பெட்டி போன்ற குழியில் ஐந்து பக்கம் ஒட்டு, ஒரு பக்கம் திறப்பு: விடை ஐந்து. எண் கூடக்கூட இழுவையும் கூடும். அதனால்தான் களியைப் படைபடையாக வைக்கிறார்கள்.

அம்மம்மா மண்சுவர் வைத்தது நினைவுக்கு வந்தது. ஒரு படை காய்ந்த பிறகே அடுத்த படை. அங்கே நீர் வற்றிச் சுருங்கும், இங்கே மூலக்கூறு நெருங்கிச் சுருங்கும், கைப்பக்குவம் ஒன்றுதான்.

பழைய அடைப்பைக் கழற்றிய டொக்டர் புதுக் களியைச் சரிவாக, ஒரு தடவைக்கு இரண்டு சுவரை மட்டும் தொடும்படி வைத்தார். இரண்டு மில்லிமீற்றருக்கு மேல் இல்லை. “பிள்ளை, கிட்டப் பிடி.” உதவியாளர் தங்கச்சி செம்மஞ்சள் மறைப்புக்குப் பின்னால் நின்று லைற்றைப் பிடித்தார். இருபது செக்கன். முனை விலகினால் அடி வேகாது. அவர் கை அசையவே இல்லை.

படைபடையாக வைப்பது பல்லின் வளைவைக் குறைக்காது என்று 1996இல் ஒரு கணினி ஆய்வு சொன்னதைப் பற்றி டொக்டரிடம் கேட்டேன். “ஓம், அந்த வாதம் இருக்கு. ஆனால் வெளிச்சம் அடிவரை போகவேணுமே.”

ஆறு படை, நாற்பது நிமிடம். பாதரச அடைப்பு இதைவிடச் சீக்கிரம் முடியும். ஈரத்தையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் பாதரசப் பாவனையைக் கட்டுப்படுத்தும் 2013இன் மினமாட்டா உடன்படிக்கை அதைக் குறைக்கச் சொன்னது. சரியான முடிவு. என்றாலும் வெளியே வரிசை நீளும்போது அந்த நாற்பது நிமிடத்தை யார் கொடுப்பது? அவசரத்தில் ஒரேயடியாக அப்பினால் வலி திரும்ப நோயாளிக்குத்தானே.

நீலத்தாளைக் கடிக்கச் சொல்லி உயரத்தைச் சரிபார்த்தார்கள். ரீச்சரின் உதடு இன்னும் விறைப்பு.

“இப்ப ஒண்டும் தெரியாது. நாளைக்கு முறுக்குக் கடிச்சுப் பாத்திட்டு போன் எடுங்கோ.”

தங்கச்சி லைற் முனையில் ஒட்டியிருந்த களிப்பொட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.