கேட்டவன்

1986-ல் நான் எழுதி ஒரு சிறுபத்திரிகையில் வெளிவந்த கவிதை ஒன்றை என் தொகுப்புகள் எதிலும் சேர்க்கவில்லை. நண்பர்கள் சிலர் காரணம் கேட்டிருக்கிறார்கள். மழுப்பியிருக்கிறேன். கவிதை மோசமில்லை. வெளிவந்த மாதம் ஏழெட்டுக் கடிதங்கள் வந்தன. நம் வட்டாரத்தில் அது பெரிய எண்ணிக்கை. ஒருவர் அதில் அனுபவத்தின் நேரடித்தன்மை இருப்பதாக எழுதியிருந்தார். அனுபவம் என்னுடையதில்லை என்பது அவருக்குத் தெரியாது.

என்னோடு பி.யு.சி. படித்தவன் ஒருவனுடையது அது. அவன் மருத்துவத்துக்குப் போனான். நான் பி.ஏ. முடித்து சர்க்கார் ஆபீசில் குமாஸ்தாவானேன். சென்னையில் மறுபடி சந்தித்தபோது அவன் ஓர் ஆஸ்பத்திரியின் தீக்காய வார்டில் டியூட்டி டாக்டர். எனக்குத் திருவல்லிக்கேணி மேன்ஷன் ஒன்றில் அறை. இரவு டியூட்டி முடிந்த காலைகளில் வருவான். என் கட்டிலில் படுத்துக்கொண்டு விட்டத்தைப் பார்த்தபடி பேசுவான். நான் ஆபீசுக்குக் கிளம்பிக்கொண்டே கேட்பேன். பிறகு, கிளம்புவதைத் தள்ளிப்போட்டுக் கேட்க ஆரம்பித்தேன்.

தீக்காய வார்டைப் பற்றி வெளியிலிருப்பவர்களுக்குத் தெரியாத விஷயம், அங்கே வருகிறவர்கள் பேசுவார்கள் என்பது. ஆழமாக எரிந்த இடத்தில் நரம்பு நுனிகளும் எரிந்துவிடுவதால் அங்கே வலி தெரியாது. உடம்பில் எண்பது சதவீதம் எரிந்த ஒரு பெண் முதல் நாள் தெளிவாகப் பேசுவாள். தண்ணீர் கேட்பாள். குழந்தை சாப்பிட்டதா என்று விசாரிப்பாள். தோல் போன உடம்பிலிருந்து நீர் இறங்கிக்கொண்டே இருக்கும். அதை பாட்டில் பாட்டிலாக ஏற்றி ஈடுகட்டி முதல் இரண்டு நாளைத் தாண்டினால், அடுத்தது கிருமி. மூன்றாம் நாளோ ஐந்தாம் நாளோ அடங்கிவிடுவாள். அன்றிருந்த வசதிகளில் அந்த அளவு எரிந்தவர்கள் பிழைப்பது அபூர்வம். முதல் நாள் அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே இது எதிரே நிற்பவனுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியாது.

இதற்கு மேல் ஒரு சட்ட ஏற்பாடு. சாகப்போகிறவர் தன் சாவின் காரணத்தைப் பற்றிச் சொன்னதை 1872-ஆம் வருஷத்து சாட்சியச் சட்டத்தின் 32-வது பிரிவு சாட்சியமாக ஏற்றுக்கொண்டது. 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் புதிய சட்டத்தில் அது 26-வது பிரிவு. மாஜிஸ்ட்ரேட் வந்து எழுதிக்கொள்வார். நோயாளிக்கு சுயநினைவு இருக்கிறது, வாக்குமூலம் கொடுக்கக்கூடிய நிலையில் இருக்கிறார் என்று டாக்டர் கையெழுத்துப் போடவேண்டும். அந்தச் சான்று ஜாக்கிரதைக்கான ஏற்பாடுதான், கட்டாயமில்லை என்று சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள் சொன்னது 2002-ல். அதெல்லாம் பின்னால் வந்த விஷயம். என் நண்பன் கட்டிலருகே நின்று, அவள் சொல்வதை முழுக்கக் கேட்டு, கையெழுத்துப் போட்டான். சில வாரங்களில் மூன்று, நான்கு.

எண்பதுகளை நினைவிருப்பவர்களுக்கு அந்த வாக்குமூலங்கள் என்ன சொல்லின என்று தெரிந்திருக்கும். ஸ்டவ் வெடித்தது. 1983-ல் 498-ஏ பிரிவும், 1986-ல் வரதட்சணைச் சாவுக்கென்று 304-பி பிரிவும் வந்தன. அதற்குப் பிறகும் ஸ்டவ் வெடித்துக்கொண்டுதான் இருந்தது என்பான். ஜன்னலுக்கு வெளியே புருஷனோ மாமியாரோ நிற்பார்கள். மாஜிஸ்ட்ரேட் போன பிறகு, இரவு பதினொரு மணிக்கு, டியூட்டி டாக்டரிடம் அவள் வேறொன்று சொல்வாள். சொல்லிவிட்டு, எழுதவேண்டாம் என்பாள். அவரும் ஜெயிலுக்குப் போய்விட்டால் குழந்தைகளை யார் பார்ப்பார்கள் என்பாள். டாக்டரிடம் சொன்னதும் சட்டப்படி மரண வாக்குமூலம்தான். கேஸ் ஷீட்டில் எழுதவேண்டியது அவன் கடமை. எழுதினால் செத்துக்கொண்டிருப்பவளுக்குச் செய்த துரோகம், எழுதாவிட்டால் செத்துப்போனவளுக்குச் செய்த துரோகம். சிலவற்றை எழுதினான். சிலவற்றை எழுதவில்லை. எழுதாதவை என் அறைக்கு வந்தன.

அவன் மாறிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். பக்கத்து அறையில் யாராவது ஸ்டவ்வுக்குக் காற்றடிக்கும் சத்தம் கேட்டால் எழுந்து மொட்டை மாடிக்குப் போய்விடுவான். எரிந்த பரப்பைக் கணக்கிட ஒரு வாய்ப்பாடு உண்டு: தலை ஒன்பது, ஒரு கை ஒன்பது, ஒரு கால் பதினெட்டு, முன்னுடல் பதினெட்டு, முதுகு பதினெட்டு. பஸ்ஸில் முன் ஸீட்டில் உட்கார்ந்திருக்கும் பெண்ணைப் பார்த்தால் மனசு தானாகக் கூட்ட ஆரம்பிக்கிறது என்று ஒருநாள் சொன்னான். சிரித்துக்கொண்டே சொன்னான். நானும் சிரித்தேன். கல்யாணத்துக்குப் பார்த்த பெண்ணின் போட்டோவை வீட்டிலிருந்து அனுப்பியபோதும் கூட்டினானாம். அதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

இதற்கு அப்போது பெயரில்லை. பெரிய டாக்டரிடம் ஒருமுறை ஜாடையாகச் சொல்லிப் பார்த்திருக்கிறான். போகப்போகப் பழகிவிடும் என்றாராம். அவர் பொய் சொல்லவில்லை. அவருக்கு அப்படித்தான் பழகியிருந்தது. காலை ரவுண்ட்ஸில் நோயாளிகளின் முகத்தைப் பார்க்காமல் படுக்கை நம்பரைப் பார்த்து நடக்கிறவராக அவர் ஆகியிருந்தார். தனக்கும் அப்படி ஆகிவிடுமோ என்பதுதான் என் நண்பனின் பயம். ஆகாமலிருந்தால் எத்தனை நாள் தாங்கும் என்பதும்.

ஒரு காலை வந்தான். முந்தின இரவு இறந்துபோன பெண்ணைப் பற்றிச் சொன்னான். அவள் அவனிடம் சொன்ன ஒரு விஷயத்தை அவளுடைய வார்த்தைகளிலேயே சொன்னான். கேஸ் ஷீட்டில் எழுதவில்லை என்றான். பிறகு தூங்கிப்போனான். அவன் தூங்கிக்கொண்டிருக்கும்போதே, அதே அறையில், நான் அந்தக் கவிதையை எழுதினேன்.

அவன் சொல்லிக்கொண்டிருந்தபோதே எனக்குள் வரிகள் ஓட ஆரம்பித்துவிட்டன. இதைச் சொல்லத்தான் இவ்வளவும். அந்தப் பெண்ணின் வார்த்தைகளைக் கேட்டதும் எனக்கு ஏற்பட்டது துக்கமில்லை, ஒருவிதச் சுறுசுறுப்பு. நம்மில் பலருக்கு இது பழக்கமான நிலைதான். படைப்பு மனம் என்று அதற்கு கௌரவமான பெயர் வைத்திருக்கிறோம். அவன் நின்று நின்று ஏதோ ஒன்றைத் தேடித் தேடிச் சொன்னான். நான் எனக்கு வேண்டியது கிடைத்ததும் கேட்பதை நிறுத்திவிட்டேன். அவனுக்கு உண்மையில் சொல்லவேண்டியிருந்தது கடைசியில் வந்திருக்கலாம். எனக்கு நினைவில்லை.

மூன்று மாதம் கழித்துப் பத்திரிகையைப் படித்தான். நான்தான் கொடுத்தேன், பெருமையாக. மௌனமாக மூடி வைத்தான். அப்புறம் சொன்னான்: "அவ என்கிட்ட சொன்னா. நான் உன்கிட்ட சொன்னேன். நீ எல்லார்கிட்டயும் சொல்லிட்டே."

பெயர் இல்லையே, ஊர் இல்லையே என்று வாதாடினேன். அவன் வாதாடவில்லை. அதன்பின் வரவில்லை. சண்டையும் இல்லை, என் கல்யாணத்துக்கு வந்து மொய் எழுதிவிட்டுப் போனான்.

இருபது வருஷத்துக்கு மேல் கழித்துத்தான் இந்த விஷயத்தைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். குற்ற உணர்ச்சிதான் காரணம். சார்ல்ஸ் ஃபிக்லி என்ற அமெரிக்கர் 1995-ல் வெளியிட்ட புத்தகத்தில் இதற்கு செகண்டரி ட்ராமாட்டிக் ஸ்ட்ரெஸ் என்று பெயர் சொல்கிறார். அடிபட்டவனின் அதிர்ச்சி, அவனை கவனித்துக்கொள்கிறவனையும் பற்றிக்கொள்வது. தூக்கமின்மை, திரும்பத் திரும்ப வரும் காட்சிகள், சில சத்தங்களையும் வாசனைகளையும் விட்டு விலகி ஓடுவது, மரத்துப்போவது. 2013-ல் வந்த அமெரிக்க மனநோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, தொழில் காரணமாகக் கொடுமைகளின் விவரங்களைத் திரும்பத் திரும்ப எதிர்கொள்வதும் அதிர்ச்சி நோய்க்குக் காரணமாகலாம் என்று ஏற்றுக்கொண்டது. என் நண்பன் மொட்டை மாடிக்குப் போன அத்தனை தடவைகளும் அங்கே ஒரு பட்டியலாக அச்சாகியிருந்தன.

பெயர் வைத்தாகிவிட்டது, செய்யவேண்டியது என்ன? நம் சமூகத்துக்குத் தெரிந்தது கும்பிடு. டாக்டர் தெய்வம் என்போம். 2020 மார்ச் 22 மாலை ஐந்து மணிக்குக் கை தட்டினோம். அடுத்த மாதமே சென்னையில், தொற்றில் இறந்த டாக்டர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்தார்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசமில்லை என்று படுகிறது. தெய்வத்திடம் யாரும், உனக்கு ராத்திரி தூக்கம் வருகிறதா என்று கேட்பதில்லை.

இன்னொரு வழி, உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டவைத்துவிடுவது. ஜெஃப்ரி மிட்செல் என்பவர் 1983-ல் தீயணைப்பு, ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கென்று இதற்கு ஒரு முறை வகுத்தார். அது உலகெங்கும் பரவி, அடிபட்டவர்களுக்கும் ஒரே ஓர் அமர்வாகச் செய்யப்பட்டது. 1997-ல் வெளியான ஒரு பரிசோதனை தீக்காயம் பட்டவர்களிடமே செய்யப்பட்டது. பதின்மூன்று மாதம் கழித்துப் பார்த்தபோது, அப்படிப் பேசவைக்கப்பட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு அதிர்ச்சி நோய் இருந்தது. சும்மா விடப்பட்டவர்களில் 9 சதவீதம். முதல் கூட்டத்தினருக்கு ஆரம்பத்திலேயே காயம் கடுமை என்பதையும் ஆய்வாளர்கள் சொல்லியிருக்கிறார்கள். இருந்தாலும், ஒரு தடவை கொட்டித் தீர்த்தால் தீர்ந்துவிடும் என்ற நம்பிக்கை அதோடு ஆட்டம் கண்டது. எனக்கு இது ஆச்சரியம் தரவில்லை. என் அறையில் அவன் கொட்டாததா?

மைக்கேல் பாலிண்ட் என்ற ஹங்கேரியர் லண்டனில் 1950-களில் செய்தது வேறு. பொது மருத்துவர்கள் சிலரை ஒரு குழுவாக்கி, வாராவாரம் உட்காரவைத்தார். ஒருவர் தன் நோயாளி ஒருவரைப் பற்றிப் பேசுவார். மருந்தைப் பற்றி இல்லை. அந்த நோயாளி தனக்குள் என்ன செய்தார் என்பதைப் பற்றி. மற்றவர்கள் அதே வேலை செய்கிறவர்கள். அடுத்த வாரமும் இருப்பார்கள், அதற்கடுத்த வாரமும். அவருடைய புத்தகம் 1957-ல் வந்தது. இதில் எனக்கு முக்கியமாகப் படுவது ஆறுதல் யாரும் சொல்லாதது. கேட்கிறவனுக்கும் அதே சுமை இருக்கிறது. அதனால் அவனுக்கு அது சுவாரஸ்யமான சரக்காக ஆவதில்லை.

இதைப் படித்துவிட்டு நண்பனைத் தேடிப் போனேன். அவன் அப்போது இன்னோர் ஊரில் யூனிட் சீஃப். பாலிண்டைப் பற்றி உற்சாகமாகச் சொன்னேன். அப்படியா என்றான். பிறகு, வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்குத் தன் வார்டில் ஒரு மணி நேரம் கதவைச் சாத்திவைப்பதாகச் சொன்னான். பத்து வருஷமாக நடக்கிறதாம். பி.ஜி. பையன்கள், பெண்கள், நர்ஸுகள், டிரஸ்ஸிங் மாற்றும் ஆட்கள், ஆயாக்கள். பேச விருப்பமில்லாதவர் பேசவேண்டாம். ஒருவரும் குறிப்பெடுக்கக்கூடாது. அங்கே அழுதது யாருடைய சர்வீஸ் ரிகார்டிலும் ஏறாது. முதலில் பேசவேண்டியது சீஃப். அவன் ஒவ்வொரு வாரமும் தான் மறக்கமுடியாத ஒன்றைச் சொல்லித்தான் ஆரம்பிப்பானாம். பெரிய டாக்டருக்கும் பழகவில்லை என்று தெரிந்தால் சின்னவர்களுக்குப் பாதி பாரம் இறங்குகிறது என்றான்.

அதைவிட முக்கியம் டியூட்டி லிஸ்ட் என்றான். மரண வாக்குமூலத்துக்குக் கையெழுத்துப் போடுவது ஒரே ஆளுக்குத் தொடர்ந்து வரக்கூடாது. ராத்திரியில் ஒருவரை மட்டும் தனியாக விடக்கூடாது. கையெழுத்துப் போட்டவர் மறுநாள் அந்தப் படுக்கைக்குப் போகவேண்டியதில்லை. பேச்சு பாதிதான், மீதி கணக்கு என்றான். ஆள் பற்றாக்குறையில் இதைக் காப்பாற்ற அவன் மேலிடத்தோடு போட்ட சண்டைகள் தனிக் கதை.

ஒரு வியாழக்கிழமை வந்து ஓரமாக உட்காரலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். "நீ எழுதமாட்டே. ஆனா உள்ள ஓடும்." கோபமில்லாமல் சொன்னான், பரிசோதித்துவிட்டுச் சொல்கிறவனைப் போல. அது சரியான டயக்னஸிஸ்.

இந்தக் கட்டுரைக்கு அவன் அனுமதி கேட்டேன். எழுது, அவள் சொன்னதை மட்டும் எழுதாதே என்றான். உனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். வார்த்தை வார்த்தையாக என்றான். பிறகு நான் ஒன்றும் கேட்கவில்லை. அவன் பேசினான். ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும். அந்தக் காலை நான் கேட்காமல் விட்ட கடைசிப் பகுதியும் அதில் இருந்தது என்று நினைக்கிறேன்.

கவிதை வந்த அந்த இதழ் உங்களில் யாரிடமாவது இருக்கலாம். தேடவேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.